மார்கழிக்கு முன்னால் கொடுத்த பத்திரிகை

போன வாரம் என் போனில் ஒரு கல்யாணப் பத்திரிகை வந்தது. கொழுந்தனார் பேத்திக்குக் கல்யாணம். எப்போது என்று பார்த்தால் ஆவணியில். இன்னும் பங்குனியே பிறக்கவில்லை. தேதியை இப்போதே குறித்து வைத்துக்கொள்ளுங்கள், முறையான பத்திரிகை பிறகு வரும் என்று கீழே ஒரு வரி, கூடவே நாதஸ்வரம். “இவ்வளவு முன்னாலயா சொல்லுவாங்க?” என்று கேட்டேன். “எல்லாரும் லீவு போடணும், டிக்கெட் எடுக்கணும், முன்னாலயே சொன்னாத்தானேம்மா வர முடியும்” என்றாள் என் மகள். அவள் சொன்னது சரிதான். ஆனாலும் போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு அடுக்களைக்குள் போய்விட்டேன்.

என் வயதுக்காரர்களுக்கு இது புரியும். கல்யாணத்தை ஊருக்கு எப்போது சொல்வது என்பதே நம் காலத்தில் பெரிய யோசனை. சீக்கிரம் சொன்னால் கண்பட்டுவிடும். பிந்திச் சொன்னால் மதிக்கவில்லை என்பார்கள். எங்கள் வீட்டில் ஒரு கார்த்திகை மாதம் முழுக்க அந்த யோசனைதான் நடந்தது. அப்போது எனக்குப் பத்து வயது இருக்கும். தம்பி என்னைவிடச் சின்னவன்.

நாங்கள் விக்கிரமசிங்கபுரத்தில் இருந்தோம். அப்பாவுக்கு நூல் மில்லில் வேலை. வேலை முடிந்து வரும்போது புருவத்தில் பஞ்சு ஒட்டியிருக்கும். வீடு ரயில் பெட்டி மாதிரி நீளம். முன்னறை, நடு அறை, அடுக்களை, பிறகு கிணற்றடி. அந்த நடு அறையில்தான் தாத்தா, அப்பாவின் அப்பா, கயிற்றுக் கட்டிலில் கிடந்தார். ஒரு பக்கம் கை கால் விழுந்துவிட்டது. நெஞ்சில் சளி வேறு. மூச்சு விடும்போது தகரத்தில் மணலைச் சரித்தது போலச் சத்தம் வரும். யார் எங்கே போவதென்றாலும் அவரைத் தாண்டித்தான் போக வேண்டும். தாண்டுகிற எல்லோரும் ஒரு கணம் நின்று அந்தச் சத்தத்தைக் கேட்டுவிட்டுத்தான் போவார்கள்.

அப்பாவின் தங்கைக்கு, என் அத்தைக்கு, அப்போதுதான் மாப்பிள்ளை அமைந்திருந்தது. இரண்டு தடவை கூடி வந்து தட்டிப் போனதில் அத்தைக்கு வயது ஏறிவிட்டது. மாப்பிள்ளை மலை மேல் தேயிலைத் தோட்டத்தில் கணக்கு எழுதுகிறவர். அவர்கள் குடும்பம் ஆழ்வார்திருநகரியில். தை மாதக் கடைசியில் முகூர்த்தம் குறித்தார்கள். வழக்கப்படி பொங்கல் கழிந்து பத்திரிகை கொடுத்தால் போதும். மாப்பிள்ளையின் அப்பாவும் அதைத்தான் சொல்லிவிட்டுப் போனார்.

அவர் போன பிறகு திருநெல்வேலியிலிருந்து வந்திருந்த பெரியப்பா கதவைச் சாத்தினார். நல்ல மழை. ஓட்டிலிருந்து ஒழுகிய தண்ணீருக்கு அத்தை பாத்திரம் வைத்துக்கொண்டிருந்தாள்.

“பொங்கல் வரைக்கும் தாங்காதுலே” என்று பெரியப்பா அப்பாவிடம் பைய சொன்னார்.

அப்பா நடு அறைப் பக்கம் பார்த்தார்.

“இடையில முன்னப்பின்ன ஆயிட்டா ஒரு வருசத்துக்கு வீட்டுல நல்ல காரியம் பேச முடியாது. அவங்க காத்திருப்பாங்களா? இதுவும் தட்டிப் போச்சுன்னா இவளுக்கு அப்புறம் யாரு வருவா?”

“அதுக்கு என்னண்ணே செய்யச் சொல்லுத?”

“மார்கழி பெறந்துட்டா பத்திரிகைய வெளிய எடுக்க முடியாது. கார்த்திகைக்குள்ள அடிச்சு, நம்ம சாஸ்தா காலடியில வச்சு, ஊர் முழுக்கக் குடுத்து முடிச்சிரணும். குடுத்துட்டா காரியம் தொடங்கியாச்சுன்னு கணக்கு. அதுக்குப் பொறவு என்ன நடந்தாலும் பதினாறு கழிச்சிட்டு முகூர்த்தத்த நடத்திரலாம். வயசான கட்டைதானே, யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டாவ.”

அன்று முதல் எங்கள் வீட்டில் ‘சாவு’ என்ற சொல்லை யாரும் சொல்லவில்லை. ‘முன்னப்பின்ன’ என்றார்கள், ‘அது’ என்றார்கள். கேட்கக் கேட்க எனக்கு ‘அது’ ஏதோ ஒரு ஆள் மாதிரித் தோன்ற ஆரம்பித்தது. மழையில் நனைந்துகொண்டு எங்கள் தெருமுனையில் நிற்கிற ஆள். பத்திரிகை கொடுத்து முடிக்கும் முன்னால் உள்ளே வந்துவிடக் கூடாது.

பத்திரிகை அம்பாசமுத்திரத்தில் அச்சாகி வந்தது. கட்டைப் பிரித்ததும் வந்த மை வாசனை இன்னும் என் மூக்கில் இருக்கிறது. ரோஸ் நிறத் தாள், மேலே சிவப்பில் பிள்ளையார். அம்மா மஞ்சளைக் குழைத்து ஒரு கிண்ணத்தில் வைத்தாள். நானும் தம்பியும் விரலால் தொட்டு நான்கு மூலையிலும் வைக்க வேண்டும். கவருக்குள் போட்டு அடுக்குவது அத்தை. மேலே விலாசம் எழுதுவது அம்மா. அம்மா எட்டு வரை படித்தவள். ‘ற’ எழுதும்போது அதன் காலைக் கீழே நீட்டி ஒரு சுழி சுழிப்பாள். தாத்தாவின் மருந்து நெடியும் மஞ்சள் வாசனையும் கலந்து அந்த மாதம் முழுவதும் வீட்டுக்குள் நின்றது.

தாத்தாவுக்கு எல்லாம் தெரியும். வாய் கோணிப்போயிருந்தாலும் அறிவு தெளிவு. என்னைக் கூப்பிட்டுக் கேட்பார்: “ஏட்டி, எத்தன வீட்டுக்குக் குடுத்தாச்சு?”

“கல்லிடைக்குறிச்சி முடிஞ்சிட்டு தாத்தா. நாளைக்கு ஆலங்குளம்.”

“சீக்கிரம் குடுக்கச் சொல்லு. நான் இருக்கேன்.”

ஏதோ கனமான பொருளைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நிற்கிறவர் மாதிரி அதைச் சொல்வார். வேண்டாம் என்று தள்ளிய கஞ்சியை அந்த மாதம் கேட்டு வாங்கிக் குடித்தார். எனக்காக ஒருவாய் என்று அத்தை கெஞ்ச வேண்டியிருக்கவில்லை.

கொடுக்கப் போவது யார் என்பதில்தான் சிக்கல். அப்பாவுக்கு மில்லில் மிச்சமிருந்த லீவு கொஞ்சம்தான். ‘அது’ நடந்தால் காரியங்களுக்கு வேண்டும், பிறகு கல்யாணத்துக்கு வேண்டும் என்று அதைத் தொடாமல் வைத்திருந்தார். கல்யாணப் பெண் போகக் கூடாது. பெரிய வீடுகளுக்குப் பெரியப்பாவோடு அம்மா போனாள். மற்ற ஊர்களுக்கு என்னைக் கூட்டிக்கொண்டோ தனியாகவோ போனாள். காலையில் உலை வைத்து இறக்கி, தாத்தாவைத் துடைத்து, வேட்டி மாற்றி, பத்திரிகைகளைப் பிளாஸ்டிக் தாளில் சுற்றி மஞ்சள் பையில் போட்டுக்கொண்டு, கறுப்புக் குடையோடு கிளம்புவாள். எல்லா ஆற்றுப் பாலத்திலும் பஸ் மெதுவாகப் போகும். கீழே செந்தண்ணீர் மரங்களைப் புரட்டிக்கொண்டு ஓடும். நான் எட்டிப் பார்ப்பேன். அம்மா பார்க்க மாட்டாள். பையை வயிற்றோடு அணைத்து, தலையை முன்சீட்டுக் கம்பியில் சாய்த்துக் கண்ணை மூடியிருப்பாள்.

அம்மாவின் வயிற்று வலியை எல்லோரும் பார்த்தோம். யாரும் பார்க்கவில்லை என்று சொல்ல முடியாது. கிணற்றடியில் ஒரு கையால் துலாக் கம்பைப் பிடித்தபடி அப்படியே குனிந்து நிற்பாள். “என்ன மதினி?” என்று அத்தை கேட்டால், “ஒண்ணுமில்ல, வாய்வு” என்பாள். அத்தை அப்பாவிடம் சொன்னாள். அப்பா பெரியப்பாவிடம் சொன்னார். பெரியப்பா அம்மாவைக் கூப்பிட்டு, “வெறும் வயித்தோட பஸ்ல அலைஞ்சா வாய்வு பிடிக்கத்தான் செய்யும். பூண்டத் தட்டிப் போட்டுப் பாலக் குடி” என்றார். அக்கறையாகத்தான் சொன்னார். அம்மாவும் குடித்தாள்.

தாத்தாவுக்கு ஊசி போட ஒரு டாக்டர் வீட்டுக்கே வருவார். அவர் வந்தால் அம்மா ஊசியையும் குழாயையும் வெந்நீரில் போட்டுக் கொதிக்கவைத்து இடுக்கியால் எடுத்துக் கொடுப்பாள். ஒருநாள் கொடுக்கும்போது கை நடுங்கி ஊசி தரையில் விழுந்தது. “பயப்படாதீங்கம்மா, பெரியவரு நாடி நல்லாத்தான் இருக்கு” என்றார் டாக்டர். அம்மா ஊசியை எடுத்து மறுபடி கொதிக்கவைத்தாள். அவர் அந்தப் பக்கம் திரும்பியதும் முதுகைச் சுவரில் சாய்த்துக்கொண்டாள். இன்று நினைத்தால் இதுதான் எனக்கு ஆறவில்லை. வீட்டுக்குள் டாக்டர் வந்து போய்க்கொண்டிருந்தார். எல்லோருமாக அவருக்குத் தாத்தாவின் கட்டிலைக் காட்டிக்கொண்டிருந்தோம்.

மார்கழி பிறப்பதற்குள் வீடு வீடாகக் கொடுக்க வேண்டியதெல்லாம் முடிந்தது. தூரத்து ஊர்களுக்குத் தபாலில் போக வேண்டியவை மட்டும் பாக்கி. கார்த்திகைக் கடைசி நாளில் அம்மா என்னைக் கூட்டிக்கொண்டு போஸ்டாபீசுக்குப் போனாள். கவர்களைப் பெட்டிக்குள் போட்டு, கடைசிக் கவர் உள்ளே விழுகிற சத்தத்தைக் கேட்டுவிட்டு, படியில் உட்கார்ந்தாள். “கொஞ்சம் இரு, ஏட்டி” என்றாள். மழை விட்டிருந்தது. மலை முழுசும் நீலமாகத் தெரிந்தது. அம்மாவின் மேலுதட்டில் வியர்வை முத்து முத்தாக நின்றது. “எல்லாம் முடிஞ்சுது” என்று என்னைப் பார்த்துச் சிரித்தாள்.

வீட்டுக்கு வந்து சோறு வடித்தாள். எங்களுக்குப் போட்டாள். பிறகு முன்னறையில் பாயை விரித்துப் படுத்தாள். பகலில் அம்மா படுத்து நான் அதுவரை பார்த்ததில்லை. தம்பி பயந்துபோய்ப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டான்.

முதலில் கேட்டது தாத்தாதான். “ஏட்டி, ஒங்கம்மை எங்க? சத்தத்தையே காணோம்.”

அத்தை கிணற்றடியிலிருந்து ஓடி வந்து நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். நெருப்பாகக் கொதித்தது. வயிறு பலகை மாதிரி இருந்தது. “மதினி, மதினி” என்று அவள் கூப்பிட்டது தெருவுக்குக் கேட்டது. மில் சங்கு ஊதி அப்பா வந்து, வாடகைக் கார் பிடித்து, பாளையங்கோட்டை பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். காரில் ஏற்றும்போது அம்மா அப்பாவிடம் சொன்னது எனக்குக் கேட்டது: “மாமாவுக்கு ராத்திரிக் கஞ்சியில உப்புப் போட வேண்டாம்னு சொல்லுங்க.”

குடல்வால் வெடித்துச் சீழ் வயிறு முழுக்கப் பரவிவிட்டது என்றார்களாம். ஆஸ்பத்திரியில் அவர்கள் செய்ய வேண்டியதையெல்லாம் செய்தார்கள். முன்னாலேயே வந்திருக்க வேண்டும் என்று மட்டும் சொன்னார்களாம். மார்கழி பிறந்து, விடிகாலையில் கோவிலில் பாட்டுப் போடத் தொடங்கிய முதல் நாட்களில் ஒரு நாள் அம்மாவைக் கொண்டுவந்தார்கள். நடு அறையில் இடமில்லை. முன்னறையில் கிடத்தினார்கள். தாத்தா கட்டிலில் இருந்தபடியே சுவரைக் கையால் அடித்து அடித்து அழுதார். “என்னையத்தான எல்லாரும் பாத்துக்கிட்டு இருந்திய. என்னையத்தான பாத்துக்கிட்டு இருந்திய.”

மாப்பிள்ளையின் அப்பா துக்கத்துக்கு வந்தார். போகும்போது பெரியப்பாவைத் தனியாக அழைத்துப் பேசினார். “வயசானவருன்னா வேற. பிள்ளைகள விட்டுட்டுப் பூவும் பொட்டுமாப் போயிருக்கா. இதுக்கு மேல எப்படி நடத்துறது வே? ஒரு வருசம் போகட்டும்.” பெரியப்பா தலையை ஆட்டினார். அவரது கணக்கில் எல்லாம் இருந்தது. அம்மா மட்டும் இல்லை.

பதினாறாம் நாளுக்குக் கார்டு அடிக்க அதே அம்பாசமுத்திரத்து அச்சாபீசுக்குத்தான் பெரியப்பா போனார். இன்னும் பத்திரிகை கேட்டு வருவார்கள் என்று அச்சாபீஸ் அண்ணாச்சி கோத்த ஈய எழுத்துகளைக் கலைக்காமல் வைத்திருந்தாராம். அதனால் எங்கள் வீட்டு விலாசமும், பெரியப்பா, அப்பா பெயர்களும் அதே எழுத்தில், அதே வரிசையில் வந்தன. பிள்ளையாரை எடுத்துவிட்டுச் சுற்றிலும் கறுப்பு வரி போட்டிருந்தார். தை மாதம் நடக்க இருந்த திருமணம் தள்ளிவைக்கப்பட்டிருக்கிறது என்று அடியில் ஒரு வரி. கல்யாணப் பத்திரிகை போன எல்லா வீட்டுக்கும் இதுவும் போனது. பம்பாயில் இருந்த சொந்தக்காரர் வீட்டுக்கு இரண்டும் ஒரே தபாலில் கிடைத்தனவாம். எதை முதலில் பிரித்தோம் என்பதை அவர்கள் கடைசி வரை எங்களிடம் சொல்லவில்லை. மிஞ்சிய ரோஸ் பத்திரிகைகளை அத்தை வெந்நீர் அடுப்பில் வைத்தாள். மஞ்சள் பட்ட மூலைகள் கடைசியாக எரிந்தன.

அத்தைக்கு மறு வருஷம் அதே மாப்பிள்ளையோடு கல்யாணம் நடந்தது. பத்திரிகை அடிக்கவில்லை. வேண்டியவர்களுக்கு அப்பா நேரில் போய் வாயால் சொன்னார். தாத்தா அதற்கும் இருந்தார், அதற்குப் பிறகும் இரண்டு பொங்கல் இருந்தார். யாராவது அவரை நலம் விசாரித்தால் முகத்தைத் திருப்பிக்கொள்வார்.

ஆனால் முதலில் குறித்த அந்தத் தை மாத முகூர்த்த நாள் ஒன்று இருக்கிறதே, அதைச் சொல்லாமல் விட முடியாது.

அன்று அப்பா வேலைக்குப் போகவில்லை. கல்யாணத்துக்கு என்று எழுதிக் கொடுத்த லீவை அவர் மாற்றவில்லை. முன்னறையில் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தார். அந்த நாட்களில் அவர் எங்களிடம்கூடப் பேச்சை நிறுத்தியிருந்தார். துக்கம் கேட்க வருகிறவர்களிடம் மட்டும், “ஒரு வார்த்த சொல்லலிய, அவளுக்கே தெரியலிய” என்று திரும்பத் திரும்பச் சொல்வார்.

நல்ல வெயில் ஏறியிருந்தது. நான் நடையில் நின்றுகொண்டிருந்தேன். புதுச் சேலை கட்டி, தலை நிறையப் பிச்சிப் பூ வைத்து, ஒரு அம்மா தெருவில் வீடு வீடாகப் பார்த்துக்கொண்டே வந்தாள். ஒரு கையில் தாம்பாளம், ஒரு கையில் துணிப் பை. வெயில் காய்ந்த கறுத்த முகம். எங்கள் வாசலுக்கு வந்து நின்று மேலே பார்த்தாள். பந்தல் இல்லை.

“மக்கா, கல்யாண வீடு இதுதான?”

நான் உள்ளே பார்த்து அத்தையைக் கூப்பிட்டேன். உள்ளேயிருந்து அத்தை வந்தாள். அந்த அம்மா இடுப்பிலிருந்து ஒரு கவரை எடுத்துக் காட்டினாள். எங்கள் அம்மாவின் கையெழுத்து. பஸ்ஸில் வைத்து எழுதியதுபோலக் கோணிப் போயிருந்தது. ‘உவரி அக்காவுக்கு’ என்று எழுதியிருந்தது. உவரி கடலோர ஊர். அந்த ‘உவரி அக்கா’ யாரென்று எங்கள் வீட்டில் ஒருவருக்கும் தெரியாது. அதனால்தான் கறுப்பு வரிக் கார்டு அவளுக்குப் போகவில்லை.

“பத்திரிக தந்த பிள்ள எங்க?” என்று கேட்டாள்.

அத்தை கதவு நிலையைப் பிடித்துக்கொண்டாள். “மதினி போயிட்டாவ. மார்கழியில.”

அந்த அம்மா அப்படியே நடையில் உட்கார்ந்தாள். “மாதாவே” என்றாள். பூவை ஒரே இழுப்பில் தலையிலிருந்து எடுத்தாள். அப்பா எழுந்து வந்து அத்தைக்குப் பின்னால் நின்றார்.

“நான் திசையன்வெளச் சந்தையில மீன் வித்துட்டு வெறுங்கூடையோட பஸ் ஏறினேன்” என்று அவள் எங்கள் எல்லோரையும் பார்த்துச் சொன்னாள். “வாடைன்னு எல்லாரும் மூஞ்சியச் சுளிப்பாவ. அவதான் நவுந்து எடம் தந்தா. கொஞ்ச தூரம் போனதும் வயித்தப் புடிச்சுக்கிட்டு சுருண்டுட்டா. மடியில சாச்சுக்கிட்டேன். எறங்கு, இங்கனயே ஆசுபத்திரிக்குப் போவோம்னேன். ‘இன்னும் நாலு வீடு இருக்கு அக்கா, மார்கழி பெறந்துட்டா குடுக்க முடியாது’ன்னா. இது எப்பொ இருந்து வலிக்கின்னு கேட்டேன். ‘ரொம்ப நாளா இருக்கு. வீட்டுல சொன்னா என்னைய ஆசுபத்திரியில படுக்க வச்சிட்டு பத்திரிகைய நிறுத்திருவாவ. மாமா முந்திக்கிட்டா எங்க நாத்தனா கல்யாணம் நின்னுரும், அதுக்கப்புறம் அவளுக்கு ஒண்ணும் அமையாது’ன்னு சொன்னா.”

அத்தை வாயில் முந்தானையைத் திணித்துக்கொண்டாள்.

“நான் விடல. சத்தியம் பண்ணுன்னேன். அப்பத்தான் இந்தப் பத்திரிகைய எடுத்து எழுதித் தந்தா. ‘நீங்க கல்யாணத்துக்கு வாங்க அக்கா. தாலி கட்டி முடிஞ்ச மறுநா உங்ககூடவே ஆசுபத்திரிக்கு வாறேன், துணைக்கு எனக்கு யாரு இருக்கா’ன்னா. தெனமும் அந்தோனியாருக்கு மெழுகுதிரி வச்சேன். அவளக் கூட்டிக்கிட்டுப் போவணுமேன்னுதான் ரெண்டு நாளைக்கு மாத்துத் துணியும் எடுத்துக்கிட்டு வந்தேன்.”

துணிப் பையை அவள் தூக்கிக் காட்டினாள். பிறகு அதை எங்கே வைப்பதென்று தெரியாமல் மடியில் வைத்துக்கொண்டாள்.

அம்மாவுக்கு உடன்பிறந்தவர்கள் கிடையாது. துக்கத்துக்கு வந்த கூட்டத்தில் அம்மாவுக்காக மட்டும் வந்தவர் என்று ஒருவரும் இருக்கவில்லை. அன்றுதான் ஒருத்தி வந்திருந்தாள்.

நடு அறையிலிருந்து தாத்தாவின் குரல் கேட்டது. “ஏலே, யாரு வந்திருக்கா?”

அப்பா உள்ளே திரும்பிப் பார்த்தார்.

“ஒங்க மருமவளோட அக்கா வந்திருக்காவ, அய்யா” என்றார். பிறகு குனிந்து அந்தத் தாம்பாளத்தை எடுத்துக்கொண்டு, “உள்ள வாங்க” என்று அவளிடம் சொன்னார்.

அத்தை முகத்தைத் துடைத்துக்கொண்டு அடுப்பு மூட்டப் போனாள்.